உடம்பு திரும்பட்டும், கை தொடரட்டும்: கோல்ஃப் ஸ்விங்கைச் சீராக்க முழுமையான வழிகாட்டி

கொழும்பில் கோல்ஃப் பழக வருகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் கிரிக்கெட் ஆடியவர்கள். பாடசாலை அணியில் ஆடியவர், ஒழுங்கையில் மென்பந்து அடித்தவர், வேலைத்தல அணிக்காக ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடுப்பு பிடிப்பவர் என்று யாராக இருந்தாலும் கையும் கண்ணும் ஏற்கனவே பழகியிருக்கும். அதனால் பந்தைத் தொடுவதில் சிரமம் இருக்காது. முதல் நாளே நாலு பந்தாவது உயரப் பறக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். கோபத்தில் இன்னும் பலமாக அடித்தால் இன்னும் அதிகமாக வளையும். ஸ்லைஸ் என்று சொல்வது இதைத்தான்.

பலம் போதாததாலோ மலிவான கிளப் (பந்தை அடிக்கும் கோல்) வாங்கியதாலோ இது வருவதில்லை. கிளப் மேலிருந்து இறங்கத் தொடங்கும் கணத்தில் எது முதலில் அசைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கையும் தோளும் முந்திக்கொண்டால் பந்து வளையும், தூரமும் குறையும். பாதமும் இடுப்பும் தொடங்கி, கை அவற்றைத் தொடர்ந்து வந்தால் அதே ஆள், அதே கிளப்பால், குறைந்த முயற்சியில் அதிக தூரம் அடிப்பார். இந்த வரிசையை உடம்புக்குப் பழக்குவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு எழுதியது. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு 7 ஐயன் (நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் கிளப்), ஒரு துவாய், ஒரு கதிரை, வீட்டுத் தும்புத்தடியின் கம்பு. இவை இருந்தால் பாதிப் பயிற்சியை வெள்ளவத்தை மாடிவீட்டின் மொட்டைமாடியிலேயே முடித்துவிடலாம்.

பந்து ஏன் வளைகிறது

கிளப்பின் முகம் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் 2000இல் ஒரு பங்கு அளவுதான். அந்த நேரத்துக்குள் பந்தை வழிநடத்தவோ திருப்பிவிடவோ யாராலும் முடியாது. அந்தக் கணத்தில் இரண்டு விஷயங்கள் பந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது என்பது ஒன்று. கிளப் எந்தப் பாதையில் வருகிறது என்பது மற்றது. பந்து கிளம்பும் திசை பெரும்பாலும் முகத்தைப் பொறுத்தது. முகமும் பாதையும் ஒத்துப்போகாவிட்டால் பந்து சாய்வாகச் சுழன்று வளையும்.

மேலிருந்து கை முந்தும்போது வலது தோள் பந்தை நோக்கி வெளியே தள்ளப்படுகிறது. அதோடு கிளப்பும் வெளியே போய், பிறகு பந்தின் குறுக்கே இடது பக்கமாக இழுபடுகிறது. முகம் இலக்கைப் பார்த்தபடியே இருந்தாலும் பாதை இடப்பக்கம் போவதால் பந்து வலப்பக்கம் வளைகிறது. இதைக் கண்டவுடன் பலர் இன்னும் இடது பக்கம் குறிபார்த்து நிற்பார்கள். அப்போது பாதை இன்னும் இடப்பக்கம் சாய்ந்து, வளைவு கூடத்தான் செய்யும்.

கிரிக்கெட் கைகளுக்கு இதில் மூன்று பழக்கங்கள் தடையாக வருகின்றன. கவர் டிரைவில் முன்காலோடு தலையும் பந்தை நோக்கிப் போக வேண்டும். கோல்ஃபில் இடுப்பு முன்னே நகரும், தலை அதோடு போகக் கூடாது. மென்பந்தில் சிக்ஸர் தூக்க வலது கைதான் உழைக்கும். இங்கே அந்தக் கை முந்தினால் மேலே சொன்ன குறுக்குப் பாதை வரும். மூன்றாவது, நேர் துடுப்பு. துடுப்பின் முகத்தை இலக்கை நோக்கி நீண்ட நேரம் பிடித்திருப்பது அங்கே நல்ல பழக்கம். கோல்ஃபில் அப்படிப் பிடித்து நிறுத்தினால் முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, இருக்கும். உடம்புக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றை மாற்றுகிறோம் என்பதால் இந்தப் பயிற்சிகளில் அவசரம் உதவாது.

படி 1: பிடியும் நிலையும்

பிடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது கையில் கிளப் உள்ளங்கையில் படுக்காமல் விரல்களின் அடிப்பகுதியில் படுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடது கையின் இரண்டு, இரண்டரை விரல் முட்டிகள் தெரிய வேண்டும். வலது உள்ளங்கை இடது பெருவிரலை மூடும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேல் வைப்பது பழைய காலத்துச் சாம்பியன் ஹாரி வார்டன் பிரபலமாக்கிய பிடி. அந்த இரண்டு விரல்களையும் கோர்த்துக்கொள்வது பிற்காலச் சாம்பியன்களான ஜாக் நிக்லஸும் டைகர் வூட்ஸும் பிடித்த பிடி. எது கைக்கு வசதியோ அது சரி.

அழுத்தத்தில் கவனம் வேண்டும். இடது கையின் கடைசி மூன்று விரல்கள் இறுகட்டும். வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தளர்வாக இருக்கட்டும். அந்த இரண்டும் இறுகினால் முன்கை முழுவதும் இறுகி, தோள் வரைக்கும் போகும். நம் ஊர் வியர்வையில் கிளப் வழுக்கும் என்ற பயத்திலேயே பலர் இறுக்கிப் பிடிக்கிறார்கள். கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பிடியைத் துடையுங்கள். பிடி இறுகுவதைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

நிற்கும் நிலையில் முக்கியமானது குனியும் இடம். முதுகை வளைத்துக் குனியாமல் இடுப்பு மூட்டில் மடிய வேண்டும். தும்புத்தடிக் கம்பை இரண்டு தொடைகளும் வயிறும் சேரும் மடிப்பில் கிடையாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பிட்டம் பின்னே போகும், மார்பு பந்தை நோக்கிச் சாயும், முதுகு நேராக இருக்கும். பிறகு முழங்காலைச் சற்றே தளர்த்தினால் போதும். கைகள் தோளிலிருந்து தாமாகத் தொங்கும் இடத்தில் கிளப்பைப் பிடியுங்கள். தொடைக்கும் கைக்கும் இடையில் ஒரு கைமுட்டி அளவு இடைவெளி வேண்டும். கையை நீட்டிப் பந்தைத் தேடுகிறீர்கள் என்றால் தூரமாக நிற்கிறீர்கள்.

7 ஐயனுக்குப் பாத இடைவெளி தோள் அகலம். பந்து நடுவிலிருந்து சற்று இடப்பக்கம். இடது பாதத்தின் நுனி சிறிது வெளியே திரும்பியிருக்கட்டும். இடுப்பு பிறகு சுலபமாகத் திரும்ப அது வழிவிடும்.

படி 2: கிளப் இல்லாமல் உடம்பைத் திருப்புதல்

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். பந்து இல்லை, சத்தம் இல்லை, கெட்டிக்காரத்தனம் காட்ட எதுவும் இல்லை. ஆனால் ஸ்விங்கின், அதாவது கிளப்பை வீசும் முழு அசைவின், அடித்தளம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

தும்புத்தடிக் கம்பைத் தோள்களின் முன்பக்கத்தில் குறுக்காக வைத்து, கைகளை மார்பில் மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பந்துக்கு நிற்பது போலவே இடுப்பில் மடிந்து நில்லுங்கள். தரையில் பந்து இருக்கும் இடத்தில் ஒரு காசு வையுங்கள். இப்போது மெதுவாக வலப்பக்கம் திரும்புங்கள். கம்பின் இடது நுனி காசை நோக்கியோ அதைச் சற்றுத் தாண்டியோ தரையைக் காட்ட வேண்டும். அது எதிர்ச் சுவரைக் காட்டினால் நீங்கள் நிமிர்ந்துவிட்டீர்கள். முதுகெலும்பு முன்னே சாய்ந்திருப்பதால் தோள்கள் தட்டையாகச் சுற்றாமல் சரிவாகச் சுற்ற வேண்டும். இடது தோள் தாழ்ந்து வரும், வலது தோள் உயரும். அப்படிச் செய்யும்போதுதான் தலை ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும்.

அதே வேளையில் வலது இடுப்பைக் கவனியுங்கள். அது பக்கவாட்டில் வழுக்கிப் போகக் கூடாது, பின்னே போக வேண்டும். வலக்காற்சட்டைப் பின்பையை உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரை நோக்கி இழுப்பதாக நினையுங்கள். பாரம் வலது பாதத்தின் உள்விளிம்பிலும் குதியிலும் உணரப்பட வேண்டும். வெளிவிளிம்பில் உணர்ந்தால் வழுக்கிவிட்டீர்கள். வலது முழங்கால் கொஞ்சம் நிமிர்வது தவறில்லை. விறைத்துப் பூட்டிக்கொள்வதுதான் தவறு.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தோள்கள் சுமார் 90 பாகையும் இடுப்பு சுமார் 45 பாகையும் திரும்பும். உங்களுக்கு அவ்வளவு திரும்பாவிட்டால் கவலை வேண்டாம். இடது குதியைத் தரையிலிருந்து சற்று உயர்த்துங்கள், இடுப்பு இன்னும் திரும்பும். நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். உடம்பு திரும்பாததைக் கையால் ஈடுகட்டப் போவதுதான் ஆபத்து. தோள் நின்ற பிறகும் கை மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தால் திரும்பி வரும்போதும் கைதான் முதலில் வரும்.

இப்போது மறுபக்கம் திரும்புங்கள். இம்முறை கம்பின் வலது நுனி காசைக் காட்டிக்கொண்டு கடக்க வேண்டும். இது பெரும்பாலானோருக்கு முதல் தடவை வராது. வலது விலாவின் பக்கவாட்டில் ஒரு சுருக்கத்தை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். காலையில் பத்து, மாலையில் பத்து என்று மெதுவாகச் செய்தால் போதும்.

படி 3: கைக்கு உள்ள தனி வேலை

“கையை மறந்துவிடு, உடம்பை மட்டும் திருப்பு” என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. உடம்பை மட்டும் திருப்பினால் கிளப் இடுப்பு உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுவது உடம்பின் வேலை, உயர்த்துவது கையின் வேலை. இந்தப் பங்கீடு புரிந்துவிட்டால் பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னே மேலே கொண்டுபோகும் பகுதி) பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதைச் செய்து பாருங்கள். நிமிர்ந்து நின்று, கிளப்பை வயிற்றுக்கு முன்னால் தரைக்குக் கிடையாக நீட்டிப் பிடியுங்கள். முதலாவது, மணிக்கட்டை மட்டும் மடக்கிக் கிளப்பை நேர்ச் செங்குத்தாக உயர்த்துங்கள். இரண்டாவது, வலது முழங்கையை மடித்து, இரண்டு கைகளையும் மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, கிளப் வலது தோளுக்கு மேலே சரியும்படி விடுங்கள். இடது கை நீண்டிருக்கும், வலது முழங்கை தரையைப் பார்த்திருக்கும். மூன்றாவது, கைகளை அப்படியே வைத்துக்கொண்டு தோள்களை வலப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். கடைசியாக இடுப்பில் மடியுங்கள். இதுதான் பேக்ஸ்விங்கின் உச்ச நிலை. மார்புக்குக் குறுக்கே கை எவ்வளவு குறைவாகப் போயிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். கிளப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது உடம்பின் திருப்பம்தான்.

இந்த நான்கு அசைவும் தனித்தனியாக வந்த பிறகு ஒன்றாகச் சேர்த்துச் செய்யுங்கள். கிளப் தரையை விட்டுக் கிளம்பும்போது மார்பும் கையும் கிளப்பும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். கிளப் இடுப்பு உயரத்தைத் தொடும்போது மணிக்கட்டு மடங்கத் தொடங்கியிருக்கும். இடது கை விறைப்பாக இருக்க வேண்டியதில்லை, நீளமாக இருந்தால் போதும். விறைத்த கை தோளைத் திரும்ப விடாது.

கையையும் மார்பையும் சேர்த்து வைக்கத் துவாய்ப் பயிற்சி நல்லது. ஒரு துவாயை மார்புக்குக் குறுக்காக வைத்து, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கமக்கட்டிலும் இடுக்கிக்கொள்ளுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சின்னச் சின்ன அடிகள் அடியுங்கள். துவாய் விழக் கூடாது. ஆனால் முழு ஸ்விங்கில் துவாயை இடுக்கிக்கொண்டு அடிக்க முயல வேண்டாம். முழு ஸ்விங்கில் கை உயர்வதால் வலப்பக்கத் துவாய் விழத்தான் செய்யும். அதைத் தடுக்கப் போய்க் கையை உடம்போடு ஒட்டிவைத்தால் கிளப் உடம்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும்.

படி 4: இறங்கும் வரிசை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

உடம்பில் உணர்கருவி பொருத்தி அளந்து பார்த்தவர்கள் பெரும்பாலான நல்ல ஆட்டக்காரர்களிடம் ஒரே ஒழுங்கைக் காண்கிறார்கள். இடுப்பு முதலில் உச்ச வேகத்தை எட்டி வேகம் குறைகிறது. அந்த வேகம் மார்புக்குப் போகிறது. மார்பு தளரும்போது கைக்குப் போகிறது. கை தளரும்போது கிளப்புக்குப் போகிறது. சாட்டையைச் சொடுக்கும்போது பிடி நின்றுவிட, நுனி சீறிப் பாய்வது இதே விதியால்தான். கையும் தோளும் முதலிலேயே முழு வேகத்தையும் செலவழித்துவிட்டால் கிளப்புக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. பலசாலிகள் பலர் மெலிந்த ஆட்களைவிடக் குறைவான தூரம் அடிப்பதன் காரணம் இதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மேலே போவதற்கு எடுக்கும் நேரம் மூன்று பங்கு என்றால் கீழே இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஒரு பங்குதான். டவுன்ஸ்விங் மொத்தமே கால் விநாடி. அதற்குள் இடையில் எதையும் திருத்த முடியாது. தொடக்கத்தைச் சரியாக வைத்தால் மற்றவை அதன் பின்னால் வரும்.

பொரளைப் பக்கம் பயிற்சி செய்த ஒரு பின்னேரத்தில் பக்கத்தில் நின்ற கேடி (ஆடுபவரின் கிளப் பையைச் சுமப்பவர்) ஒருவர், வேகமாக அடித்து அடித்துக் களைத்துப்போன ஒருவரிடம் சொன்னது இது: “அண்ணை, பந்தை அடிக்க வேண்டாம். பெல்ட் கொக்கியைத் திருப்புங்கோ. கை தானா வரும்.” இவ்வளவு சுருக்கமாக இதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்தத் திருப்பம் எங்கிருந்து தொடங்குகிறது என்றால், பாதத்திலிருந்து. கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது பாதம் தரையை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். இதைப் பழக்கக் காலடிப் பயிற்சியைவிடச் சிறந்தது இல்லை. இரண்டு பாதங்களையும் சேர்த்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னே கொண்டுபோங்கள். கிளப் உச்சிக்குப் போகும் முன்பே இடது பாதத்தை இலக்கை நோக்கி ஒரு அடி எடுத்து வையுங்கள். பாதம் ஊன்றிய பிறகு கிளப்பை விடுங்கள். பந்தில்லாமல் சில தடவைகள், பிறகு பந்தோடு. கிரிக்கெட் ஆடியவர்களுக்கு முன்கால் வைப்பது கைவந்த கலை என்பதால் இது சீக்கிரம் பிடிபடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கால் முன்னே போகும்போது தலையும் நெஞ்சும் கூடவே போகக் கூடாது. மூக்குக்கு நேரே பந்து இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

அடுத்தது இறக்கிப் பார்க்கும் பயிற்சி. உச்சிக்குப் போய் நில்லுங்கள். முதுகு இலக்கைப் பார்த்தபடியே இருக்க, இடப்பக்கம் பாரத்தை மாற்றிக் கைகளை இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் இறக்குங்கள். வலது முழங்கை வலது விலாவுக்கு முன்னால் வரும். மணிக்கட்டு மடங்கியே இருக்கும். திரும்ப மேலே போங்கள். இப்படி மூன்று தடவை இறக்கி ஏற்றிவிட்டு, நான்காவது தடவை நிறுத்தாமல் பந்தை அடியுங்கள். மேலிருந்து மணிக்கட்டை விரித்துக் கிளப்பை வீசி எறியும் பழக்கம் இதில்தான் குறையும்.

இடது இடுப்பு முதலில் கொஞ்சம் இலக்கை நோக்கி நகர்ந்து, பிறகு பின்னே திரும்பும். இடது கால் நிமிரும். பின்னே போகாமல் இடுப்பு பந்தை நோக்கிப் பாய்ந்தால் உடம்பு நிமிர்ந்துவிடும், கைக்கு இடமில்லாமல் போகும். பந்தின் தலையில் அடி விழுவதும் கிளப்பின் குதியில் (தலை கம்போடு சேரும் பக்கம்) பந்து படுவதும் இதனால்தான். கதிரையை உங்கள் பிட்டம் தொடும்படி பின்னால் வையுங்கள். மேலே போகும்போது வலது பிட்டம் கதிரையை அழுத்த வேண்டும். இறங்கும்போது இடது பிட்டம் அதைத் தொட வேண்டும். பந்தை அடிக்கும் கணத்தில் கதிரையை விட்டு விலகியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

இடுப்பைத் திருப்பச் சொன்னதும் சிலர் அளவுக்கு மீறித் திருப்புவார்கள். கை பின்தங்கும், பந்து வலப்பக்கம் நேராகப் போகும் அல்லது மணிக்கட்டு அவசரமாகச் சுழன்று பந்து இடப்பக்கம் வளைந்து ஹூக் ஆகும். அப்படி நடந்தால் பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முக்கால் வேகத்தில், கையின் வீச்சை உணர்ந்து அடியுங்கள். நல்ல ஆட்டக்காரர்களின் கை மிக வேகமாகத்தான் போகிறது. உடம்புக்கு முன்னால் புறப்படாமல் இருப்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள்.

படி 5: பந்தைத் தொடும் கணம்

ஐயனால் அடிக்கும்போது கிளப்பின் தலைக்கு முன்னால் கை இருக்க வேண்டும். இடது மணிக்கட்டின் மேற்பக்கம் தட்டையாக இருக்கும். பாரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் இடது பாதத்தில் இருக்கும். பந்தை உயர்த்த நினைத்துக் கீழிருந்து அள்ளினால் இடது மணிக்கட்டு பின்னே மடங்கிவிடும். பந்தை உயர்த்துவது கிளப் முகத்தின் சாய்வு. உங்கள் வேலை பந்தை முதலில் தொட்டு, அதன் பிறகு தரையைத் தொடுவது.

இதற்குத் தும்புத்தடிக் கம்பு மறுபடி உதவும். கம்பையும் கிளப்பையும் சேர்த்துப் பிடித்து, கம்பின் மேற்பகுதி உங்கள் இடது விலாவை ஒட்டி மேலே நீண்டிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பந்தில்லாமல் மெதுவாகச் சின்ன ஸ்விங் செய்யுங்கள். மணிக்கட்டால் அள்ளினால் கம்பு விலாவில் இடிக்கும். உடம்பு திரும்பிக்கொண்டே இருந்தால் இடிக்காது. வேகமாகச் செய்ய வேண்டாம், நிஜமாகவே வலிக்கும்.

நேர் துடுப்புப் பழக்கம் உள்ளவர்கள் கைகளைப் பிரித்துப் பிடித்துப் பயிலுங்கள். இடது கை வழக்கமான இடத்தில், வலது கை நான்கு விரல் கீழே. இடுப்பிலிருந்து இடுப்புக்கு ஆட்டுங்கள். பந்தைக் கடந்த பிறகு வலது முன்கை இடது முன்கைக்கு மேலே வருவதை நன்றாக உணரலாம். முகம் திறந்தே இருக்கும் குறை இதில் தெளிவாகத் தெரியும், திருந்தவும் செய்யும்.

முடிவு நிலையில் பெல்ட் கொக்கி இலக்கைப் பார்க்கும், வலது பாதத்தின் நுனி மட்டும் தரையில் இருக்கும், பாரம் முழுவதும் இடது குதியில் இருக்கும். பந்து விழும்வரைக்கும் தள்ளாடாமல் அப்படியே நிற்க முடிந்தால் வேகம் உங்கள் கட்டுக்குள் இருந்தது என்று பொருள்.

டிரைவருக்கு (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) சில மாற்றங்கள் மட்டும். பந்தை இடது குதிக்கு நேரே வைத்து, பாதங்களை இன்னும் அகட்டி நில்லுங்கள். வலது தோள் சற்றுத் தாழ்ந்து, முதுகெலும்பு இலக்கிலிருந்து கொஞ்சம் விலகிச் சாயட்டும். கிளப் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடந்து மேலேறும்போது பந்தைத் தொட இது போதும். வரிசை மாறாது.

உடம்பு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்

நாள் முழுக்க அலுவலகக் கதிரையில் இருந்துவிட்டு, காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் வாகனத்தில் இருந்துவிட்டு வருகிற உடம்பு உடனே திரும்பாது. கதிரையில் முழங்கால்களைச் சேர்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பைத் தோள்களில் குறுக்காகப் பிடித்து இருபக்கமும் திரும்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 45 பாகையாவது வர வேண்டும். வராவிட்டால் தினமும் இதையே பயிற்சியாகச் செய்யுங்கள். வலது இடுப்பு மூட்டு திரும்பாதவர்கள் வலது பாத நுனியையும் வெளியே திருப்பி நிற்கலாம்.

கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அதிகம் வலிப்பது கீழ்முதுகு. இடுப்பும் மேல்முதுகும் திரும்பாதபோது அந்தத் திருப்பத்தைக் கீழ்முதுகிடம் கேட்கிறோம். அது திரும்புவதற்கு ஏற்ற பகுதி அல்ல. பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் நடந்து, கால்களை ஆட்டி, மெதுவான அரை ஸ்விங் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கூர்மையான வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கொழும்பில் எங்கே, எப்போது

ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் ஆடியது காலிமுகத்திடலில். பொரளையில் உள்ள இப்போதைய ரிட்ஜ்வே மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் பாதை போகிறது. அங்கே உறுப்பினர் அல்லாதவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. ஆரம்பத்தில் சில வகுப்புகளாவது ஒரு பயிற்றுவிப்பாளரிடம் எடுங்கள். அதிலும் பிடியையும் நிற்கும் நிலையையும் இன்னொரு கண் பார்த்துச் சொல்வதுதான் நல்லது.

காலை வெயில் ஏறும் முன்பு பயிற்சியை முடியுங்கள். களைத்த கால் அழுத்தாது, கால் அழுத்தாவிட்டால் கை முந்தும். இடையிடையே தண்ணீரோ தம்பிலியோ குடியுங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி கேட்டால் உடனே கிளப்பை வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். திறந்த வெளியில் உலோகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் விளையாட்டு இது. மரத்தடியும் பாதுகாப்பில்லை.

நுவரெலியாவுக்கு விடுமுறைக்குப் போய் ஆடினால் அங்கே அடிக்கும் தூரத்தை வைத்து ஸ்விங் திருந்திவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, பந்து தானாகவே கூடுதலாகப் பறக்கும்.

பயிற்சியை அடுக்கும் முறை

முதல் இரண்டு வாரம் படி 2, படி 3 மட்டும், வீட்டில், பந்தில்லாமல், தினமும் பத்து நிமிடம். அதன் பிறகு காலடிப் பயிற்சியையும் இறக்கிப் பார்க்கும் பயிற்சியையும் சேருங்கள். பயிற்சித் திடலுக்குப் போனால் வாங்கிய பந்துகளில் பாதியை அரை ஸ்விங்கிலேயே அடியுங்கள். இரண்டு பயிற்சி ஸ்விங்குக்கு ஒரு பந்து என்ற கணக்கு வைத்துக்கொண்டால் அவசரம் தானாகக் குறையும்.

ஃபோனில் படம் பிடியுங்கள். நேர் எதிரே நின்று மார்பு உயரத்தில் ஒன்று, பின்னால் கைகளின் நேர்கோட்டில் நின்று ஒன்று. மெதுவாக ஓடவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: உச்சியிலிருந்து முதலில் அசைவது பெல்ட்டா, தோளா? எல்லாக் குறையையும் ஒரே நாளில் தேடினால் எதுவும் திருந்தாது.

புல்தரையில் அடித்தால் தரையில் விழும் வெட்டையும் பாருங்கள். பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கியிருந்தால் பாரம் சரியாக மாறியிருக்கிறது. பின்னால் தொடங்கியிருந்தால் வலது காலிலேயே நின்றுவிட்டீர்கள். வெட்டு இலக்குக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் தோள் முந்தியிருக்கிறது, காலடிப் பயிற்சிக்குத் திரும்புங்கள். மழை பெய்து தரை ஊறியிருக்கும் நாட்களில் பின்னால் விழும் அடி மன்னிக்கப்படாது, கிளப் மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடும். அந்த நாட்கள்தான் உண்மையைச் சொல்லும் நாட்கள்.

ஆட்டத்துக்கு இறங்கும் நாளில் இவை எதையும் யோசிக்க வேண்டாம். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று மேலே போகவும் “நாலு” என்று பந்தைத் தொடவும் மனதுக்குள் எண்ணுங்கள். நடுவில் ஸ்லைஸ் வரத் தொடங்கினால் அந்தச் சுற்று முடியும்வரை அதற்கேற்பக் குறிபார்த்து ஆடி முடித்துவிடுங்கள். திருத்தும் வேலையை அடுத்த நாள் காலை, துவாயோடும் தும்புத்தடியோடும் வைத்துக்கொள்ளலாம்.